பன்னிரண்டாம் பாடம்

என் அக்காவின் குரலுக்கு நான் கொடுத்த விலை பாடம் ஒன்றுக்கு நானூற்றைம்பது. அவள் அறுநூறு கேட்டாள், நான் முந்நூறில் ஆரம்பித்தேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. கூடப்பிறந்தவள் என்று ஐந்து காசு ஏற்றிக் கொடுத்திருந்தால் அவளே என்னை மதித்திருக்கமாட்டாள்.

“ஏன்டா, உங்க அத்தானுக்கு மட்டும் அறுநூறா?”

“அத்தான் வாத்தியாரு. இருபத்திரண்டு வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறவரு. நீ என்ன படிச்சே?”

“அந்த மனுஷனோட இருபது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அதுக்கு மேல என்னடா படிப்பு வேணும்?”

நானூற்றைம்பதுக்கு முடிந்தது. இருவருமே ஏமாற்றிவிட்ட திருப்தியோடு எழுந்தோம்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. செல்போன் உறை, சார்ஜர், காதில் மாட்டும் ஒயர். வருகிறவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டே சாப்பிடுகிற ஜாதி: லாரி ஓட்டுகிறவர், சரக்கு இறக்குகிறவர், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர். எல்லோருக்கும் இங்கிலீஷ் வேண்டும், ஒருவருக்கும் உட்கார்ந்து படிக்க நேரமில்லை. காது மட்டும் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் இடத்தை வாடகைக்கு விடுவதுதானே வியாபாரம்? காதுக்கென்றே பன்னிரண்டு பாடம் போடுவது என்று முடிவு செய்தேன். பாடத்துக்கு இருபது வினைச்சொல், ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரான இன்னொரு வினைச்சொல், இரண்டுக்கும் அர்த்தம்.

அத்தான் சொல்லைச் சொல்வார். பிறகு மூன்று விநாடி மௌனம். கேட்கிறவர் மனசுக்குள் பதில் தேடிக்கொள்ள அந்த மூன்று விநாடி. அதற்குப் பிறகு அக்கா எதிர்ச்சொல்லைச் சொல்லி அர்த்தம் விளக்குவாள். அர்த்தத்தையெல்லாம் அத்தான் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அந்தத் தாளை மடித்து ஆடுகிற மேஜைக்கால் அடியில் வைத்துவிட்டுத் தன் போக்கில் சொன்னாள்.

அத்தான் “லெண்ட்” என்பார். மூன்று விநாடி. அக்கா: “பாரோ. லெண்ட்னா குடுத்துட்டு முழிச்சுக்கிட்டுக் கிடக்கறது. பாரோன்னா வாங்கிட்டு நல்லாத் தூங்கறது.”

“அக்செப்ட்.” மூன்று விநாடி. “ரெஃப்யூஸ். அக்செப்ட்னா சரின்னு சொல்றது. ரெஃப்யூஸ்னா, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்றது.”

“ரிமெம்பர்.” மூன்று விநாடி. “ஃபர்கெட். இது ரெண்டும் எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டோம்.”

அத்தானுக்கு வயிற்றெரிச்சல். “இது அர்த்தமா மச்சான்? எந்த அகராதியில இருக்கு?” என்று சண்டைக்கு வந்தார். முதல் பாடம் நாலு நாளில் இருநூறு பேருக்கு விற்றதும் அகராதியைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

பதிவு செய்ததெல்லாம் அவர்கள் படுக்கையறைத் துணி அலமாரிக்குள்தான். இரண்டு பக்கமும் துணி தொங்கினால் குரல் எதிரொலிக்காது. அத்தான் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் அதற்குள் தலையை விட்டு இருபது சொல்லையும் சொல்லிவிட்டுப் போவார். அவர் பள்ளியில் இருக்கும் மத்தியான நேரத்தில் அக்கா உள்ளே நுழைந்து தன் பங்கைச் சொல்வாள். தனித்தனியாக எனக்கு வந்து சேரும். நான் கடையில் கணினி முன் உட்கார்ந்து இரண்டையும் தைப்பேன்.

கணினியில் குரல் என்பது மேடு பள்ளம். மௌனம் என்பது நேராக ஓடும் நூல். தெருவில் போன வண்டிச் சத்தம், நாக்குக் குழறல், கனைப்பு, வேண்டாதது எதுவானாலும் மேடாகத் தெரியும். அதை வெட்டி எடுத்து நூலை முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டினேனே தவிர எறியவில்லை. அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். “முழத்துணி வித்த காசு வாடகைக்கு. துண்டு வித்த காசுதான் நம்ம சாப்பாட்டுக்கு” என்பார். வெட்டியதையெல்லாம் பாடவாரியாக, தேதி போட்டு, ‘துண்டு’ என்று பெயர் வைத்த ஒரு கோப்பில் போட்டுவைத்தேன்.

பதினொன்றாம் பாடம் வந்த ஒன்பதாம் நாள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரல். பதினேழு நாள் இருந்தாள். டாக்டர் நடைபாதையில் நின்று, “ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா விஷயமே வேற” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அது ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்லும் வாக்கியம். அத்தான் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர்தான் கேட்டார். “ஆறு மாசம். ஒரே வீடு, ஒரே கட்டில். எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு? செவிடனா நான்?”

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தான் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டார். மூன்று மாதத்தில் சட்டை அவர் மேல் மாட்டியதுபோல் இல்லாமல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

அவர் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. அவள் இருமியதை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். அலமாரிக்குள் தனியாக இருந்தபோது இருமினாள். அந்தப் பதிவு அப்படியே என் காதுக்கு வந்தது. மேடு மேடாக வெட்டினேன். “தம்பி, இதை வெட்டிடு. உங்க அத்தானுக்குத் தெரியவேணாம், பயந்துருவார்” என்று அவளே பதிவில் சொன்னாள். பாடம் தள்ளிப்போகக் கூடாது என்ற கவலை எனக்கும் இருந்தது. முன்பணம் கட்டியவர்கள் எண்பது பேர்.

அத்தானிடம் இதைச் சொன்னால் அவர் செவிடர் இல்லை என்று ஆகிவிடும். நான் என்னவாக ஆவேன் என்பதில்தான் கணக்கு இடித்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். சார்ஜர் வாங்கினாள், பேரம் பேசி விலையைக் குறைத்தாள், போகிற போக்கில் திரும்பினாள்.

“அண்ணே, பாடத்துல பேசற அந்த அம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“தெரிஞ்சவங்கதான். ஏன், உச்சரிப்பு சரியில்லையா?”

“அது நல்லா இருக்கு, சிரிப்பா சொல்றாங்க. ஆனா மூணாவது பாடத்துல ரெண்டு தடவை இருமுறாங்க. ஐயா சொல்லிட்டு விடறாருல்ல இடைவெளி, அதுக்குள்ள. எங்க இல்லத்துல முப்பது பேரோட இருமலைக் கேக்கறவ நான். இது நல்ல இருமல் இல்லண்ணே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

மூன்றாம் பாடத்தில் நான் வெட்டிய இருமல் இரண்டே இரண்டு. அந்த எண்ணிக்கை உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் போனதும் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு மூன்றாம் பாடத்தைத் திறந்தேன். “ஹைட்” என்றார் அத்தான். நூல் நேராக ஓடியது. ஒரு முடிச்சு இல்லை, ஒரு தூசு இல்லை. “ரிவீல்” என்றாள் அக்கா. “ஹைட்னா மறைக்கறது. ரிவீல்னா, மறைக்கத் தெரியாம மாட்டிக்கறது.” மறுபடி ஓட்டினேன். அதே நேர்நூல். காதுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கையைப் பார்த்தேன். நூல் நேராக ஓடுகிற இடத்தில் என் விரல் தானாக வெட்டும் பொத்தான் மேல் போய் நின்றிருந்தது.

அடுத்த வாரம் ஒரு லாரிக்காரர். “என்ன முதலாளி, நாலாவது பாடத்துல அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கா? அஞ்சு தடவை இருமிட்டாங்க. தண்ணி குடுத்துட்டுப் பேச வெச்சிருக்கலாம்ல?” நாலாவதில் நான் வெட்டியது ஐந்து. காசைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். வியாபாரத்தில் நான் தானாக இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. “அய்யே, அதுக்கா சொன்னேன்? அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்” என்றார்.

நல்லா இருக்காங்க என்றேன்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பாடத்தையும் திறக்கவில்லை. கடையில் ஒட்டுநாடா, உறை, அட்டை எதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாலும் பின்னால் யாரோ நின்று, “வெட்டிடு தம்பி” என்பதுபோல் இருந்தது. திரும்பினால் சுவரில் சார்ஜர்கள் தொங்கும். பொருளை வாடிக்கையாளரிடமே கொடுத்து, “நீங்களே வெட்டிக்கங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். கடைக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பக்கத்துக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்தானே கடைக்கு வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான், என்கிட்ட படிச்ச பசங்க ரெண்டு பேரு வந்தாங்க. பாடத்துல உங்க அக்கா இருமறான்னு சொல்றாங்க. நான் தினமும்தான் கேக்கறேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஊருக்கெல்லாம் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கல. அப்பவும் இப்படித்தானே இருந்திருப்பேன்?”

“ஒயர் சரியில்லாம இருக்கும் அத்தான். மட்டமான ஒயர்ல கரகரன்னு சத்தம் வரும்.”

“உன் கடை ஒயர்தான்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பன்னிரண்டாம் பாடம். மற்றப் பதினொன்றைப் போலில்லாமல் இது அவருடைய செல்லப்பிள்ளை. எதிர்ச்சொல்லை வெளியே தேடவேண்டாத சொற்கள். ஒரே வினை, அதற்குள்ளேயே நேர் எதிரான இரண்டு அர்த்தம். டஸ்ட் என்றால் தூசியைத் தட்டி எடுப்பது; டஸ்ட் என்றால் மாவைத் தூவுவதும். சாங்ஷன் என்றால் செய் என்று அனுமதி கொடுப்பது. செய்தால் தண்டனை என்று தடுப்பதும். க்ளீவ் என்றால் இரண்டாகப் பிளப்பது, விடாமல் ஒட்டிக்கொள்வதும். ஓவர்லுக் என்றால் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்ப்பது. கண்முன் இருப்பதைப் பார்க்காமல் விடுவதும். இருபது சொல், அவருடைய மணிமணியான கையெழுத்தில்.

“இதை முடிக்கணும் மச்சான். அவ குரல்லயே.”

“எப்படி அத்தான்? அவ இதைச் சொல்லவே இல்லையே. நான் வேற ஒரு அம்மாவைப் பார்த்து வெச்சிருக்கேன். நல்ல குரல். ஐநூறு சொன்னாங்க, நானூறுக்கு வருவாங்க.”

“வேணாம். நீ வெட்டினதையெல்லாம் எறிய மாட்டே. உங்க அப்பா புள்ளை நீ. அதைக் குடு. அதுல எங்கயாவது இந்தச் சொல்லையெல்லாம் பேசியிருப்பா. பொறுக்கி ஒட்டிக்கலாம்.”

“அதெல்லாம் குப்பை அத்தான். வண்டிச் சத்தம், பாத்திரச் சத்தம்.”

“குப்பைக்கு என்ன விலை சொல்றே?”

அவர் விளையாடவில்லை. பணப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்” என்றேன்.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு யோசனை என்றால் கணக்குத்தான். கோப்பைக் கொடுத்தால் இருமல் வெளியே வரும், உண்மை. ஆனால் கூடவே அக்காவின் குரலும் வரும்: “தம்பி, வெட்டிடு, அத்தானுக்குத் தெரியவேணாம்.” அதைவிடப் பெரிய ரசீது ஏது? சொந்த அக்கா, பெரியவள், வாய்திறந்து உத்தரவு போட்டிருக்கிறாள். தம்பி என்ன செய்வான்? அத்தானுக்கும் செவிடன் என்ற பழி போகும், எனக்கும் ரசீது கையில் இருக்கும். யார் முதலுக்கும் நட்டமில்லாத பேரம். மனசு லேசாகிவிட்டது. கோப்பைத் திறந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட்கிற தைரியம் இல்லை. ரசீதைப் படிக்காமல் நீட்டுகிற வியாபாரியை அப்பா கடைப்படி ஏறவிட்டிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படுக்கையறையில் துணி அலமாரி திறந்தே கிடந்தது. அவர் பக்கத்துத் துணி இல்லை, நாற்காலியில் குவிந்திருந்தது. அவள் பக்கம் அப்படியே தொங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் கணினியைத் திறந்தேன். அத்தான் ஒரு நோட்டுப் புத்தகமும் சிவப்புப் பேனாவும் வைத்திருந்தார்.

“கடைசியிலேர்ந்து போடு” என்றார். “பன்னெண்டாம் பாடத்தைப் பத்தி கடைசியிலதான் பேசியிருப்பா.”

எனக்கும் அதுவே வசதி. பதினொன்றாம் பாடத்தின் துண்டுகளைப் போட்டேன்.

இருமல். அது முடிந்து மூச்சு. மறுபடி இருமல். “வெட்டிடு தம்பி.” துணி உரசும் சத்தம். இருமல். “வெட்டிடுடா. அவருக்குத் தெரியவேணாம்.” பிறகு கொஞ்சம் சிரிப்பு. “பன்னெண்டாம் பாடம் லிஸ்டைக் காட்டினாருடா. ஒரே சொல்லுக்கு ரெண்டு நேர் எதிர் அர்த்தமாம். இதுல என்ன அதிசயம்? வாங்கறப்ப ஒரு பேச்சு, விக்கறப்ப ஒரு பேச்சு. உன்னைத்தான் இருபது தடவை எழுதி வெச்சிருக்கார்.” இருமல்.

அத்தான் சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. ஆனால் கை தாளில் சொல்லை எழுதவில்லை. சிறு சிறு கோடுகளைப் போட்டுக்கொண்டே போனது. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தார். பதினொன்றில் எழுபத்தொன்று.

“குழாய்” என்றார் திடீரென்று.

“என்ன அத்தான்?”

“எப்பப் பார்த்தாலும் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ளேயே நிப்பா. தண்ணியை வீணாக்காதேன்னு கத்துவேன். ‘பில்லை நீங்களா கட்டறீங்க’ன்னு உள்ளேர்ந்து சிரிப்பா.” பேனாவை மூடித் திறந்தார். “அடுத்தது போடு.”

பத்து. ஒன்பது. எட்டு. ஏழு. ஒவ்வொன்றிலும் ரசீது தெளிவாக இருந்தது. வெட்டிடு தம்பி, வெட்டிடு தம்பி. ஒவ்வொரு தடவையும் நான் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். “பாத்தீங்களா அத்தான், அவதான் சொல்றா” என்றேன். “ஆமா, அவதான் சொல்றா” என்றார். எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

ஆறாம் பாடத்தின் முதல் துண்டைப் போட்டேன். அதில் இருமலுக்கு முன்பே அக்கா பேசினாள்.

“டேய் தம்பி, அஞ்சு பாடத்தையும் நேத்து வரிசையாப் போட்டுக் கேட்டேன்டா. கொஞ்ச நாளா இந்த எழவு இருமல் வருதே, பாடத்துலயும் வந்திருக்குமேன்னு பயந்துக்கிட்டே கேட்டேன். ஒண்ணு கூட இல்ல! சொல்லாமலே வெட்டிட்டியா? எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? எனக்கே ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காமிக்கலாம்னு நினைச்சேன். இப்பப் போனா ஆயிரம் டெஸ்ட் எழுதுவாங்க. பாடம் முடியட்டும். இனிமே வந்தாலும் இப்படியே வெட்டிடு. உங்க அத்தானுக்குத் தெரியவேணாம்.”

அதைத்தான் அவள் முதல் நாளிலிருந்தே சொன்னதாக நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

அத்தான் ஆறில் பதினாலு கோடு போட்டார். “அஞ்சு” என்றார். போட்டேன். ஒன்பது இருமல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவள் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த அர்த்தத்துக்குப் போனாள். வெட்டு என்று சொல்லவில்லை. நாலில் ஐந்து. சொல்லவில்லை. மூன்றில் இரண்டு. சொல்லவில்லை. இரண்டிலும் ஒன்றிலும் வண்டிச் சத்தம் மட்டும்.

“அத்தான்” என்றேன். என் வாய்க்குத் தெரிந்த ஒரே வேலையை அது செய்தது. “பதினாறுதானே. மூணு மாசத்துல வெறும் பதினாறு. சளி பிடிச்சா யாருக்கும் வர்றதுதான். அதைப் போய் யாரு பெரிசா எடுத்துப்பாங்க?”

“ஆமா மச்சான். கொஞ்சந்தான்.”

“ஒரு வாரச் சளிக்கே நான் அதைவிட அதிகமா இருமுவேன்.”

“ஆமா.” துண்டுகளின் பெயரில் இருந்த தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஐந்தாம் பாடத்தின் தேதியில் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து பின்னோக்கி மாதம் மாதமாக விரல் மடக்கி எண்ணினார். ஆறு விரல் மடங்கியது. பதினோராம் வகுப்புப் பையனின் விடைத்தாளைத் திருத்துகிற முகம்தான் அவருக்கு. கோபம் வந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

“டீ போடட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் அத்தான்.”

“நான் செவிடன் இல்ல மச்சான். அதைச் சொல்ல வந்ததுக்கு உனக்கு நன்றி சொல்லணும்” என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நோட்டில் புதிய பக்கம் திருப்பி, கோடுகளைக் கூட்டி, எண்களாக எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்துபோனார். உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். எங்கேயாவது ஒன்று பிசகியிருக்கும் என்று பார்த்தேன். வாத்தியார் கணக்கு, பிசகவில்லை.

பாடம் ஒன்று, இரண்டு: இல்லை.
மூன்று முதல் ஐந்து வரை: 16. மச்சான், தானாக.
ஆறு முதல் பதினொன்று வரை: 241. அவள் சொல்லி, மச்சான்.
ஆக மொத்தம்: 257.
என்னிடம் சொன்னது: 0.